இரண்டு பிரதோஷமாகக் காணோம்

மயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலுக்கு அருகே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழும் பேறு பெற்றவன் அடியேன். அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அகவை எழுபத்தெட்டு. இத்தனை காலம் கற்பகாம்பாளின் திருவடி நிழலில் இருந்தும், சக மனிதரைப் பற்றிய ஒரு சிறிய பாடத்தைச் சென்ற ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்பித்தவர் கிழக்குக் கோபுரத்துக்கு அருகில் பூ விற்கும் ஒரு பெண்மணி. என்னைப் போன்ற முதியோர் பலர் இவ்விதழைப் படிப்பதால், என் குறையை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிரதோஷ நாட்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் நாங்கள் சிலர் பிராகாரத்தில் ஒரு தூணின் ஓரமாகக் கூடுவது வழக்கம். எங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை, சந்தா இல்லை, தலைவர், செயலாளர் என்று எவரும் இல்லை. முப்பது பேர் இருப்போம். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடக்கும்போது இரண்டு பதிகங்கள் ஓதுவோம். சுவாமி ரிஷப வாகனத்தில் மூன்று சுற்று எழுந்தருளும்போது பின்னால் நடப்போம். பிறகு சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவோம். யாருக்குக் கண்ணில் புரை, யார் மகளுக்கு ஏழாம் மாதம், யாருக்கு ஓய்வூதியம் தடைபட்டது என்பதெல்லாம் அந்த அரை மணியில் தெரிந்துவிடும். பதிகம் ஓதவே கூடினோம் என்று அப்போது எண்ணியிருந்தேன். அந்த அரை மணியும் வழிபாட்டின் ஒரு பகுதிதான் என்பதை நான் உணர்ந்திருக்கவில்லை.

எங்களுள் ஒருவர் வில்வம் கொண்டுவருவார். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக வாழ்பவர், மனைவியார் காலமாகிவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டின் பின்புறம் உள்ள வில்வ மரத்திலிருந்து தம் கையாலேயே இலை பறித்து, துணிப்பையில் நனைத்த துணி சுற்றி எடுத்துவருவார். எங்களுக்கு அவர் 'வில்வத்து ஐயா'. அதிகம் பேசமாட்டார். பதிகத்தின் இறுதியில் எல்லார் குரலும் அடங்கிய பின், அவர் குரல் மட்டும் ஒரு கணம் நீண்டு நிற்கும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. திருக்கோயில் கதவுகள் அடியார்களுக்கு அடைக்கப்பட்டன. அந்தப் பங்குனியில் மாடவீதிகளில் தேர் ஓடவில்லை, அறுபத்துமூவரும் புறப்படவில்லை. மயிலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வெறுமை என்பதைச் சொல்லி விளக்க இயலாது. அப்போது எங்களில் ஒருவரின் பேரன், "நீங்கள் எல்லாரும் கைப்பேசியிலேயே கூடலாமே" என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை அமைத்துத் தந்தான். அதன் நிர்வாகியாக என்னை ஆக்கினான். அஞ்சல் துறையில் இருந்தவர் என்பதால் செய்திகளைப் பிரித்து அனுப்புவது உமக்குப் பழக்கமாயிற்றே என்று மற்றவர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

அந்தக் குழு அந்நாட்களில் எங்களுக்குச் செய்த நன்மையை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் ஒரு பதிகத்தை ஓதிக் குரல் பதிவாக இடுவேன். மாலைக்குள் பத்துப் பேராவது தம் குரலில் ஓதி அனுப்புவார்கள். மே 4 அன்று மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் அடியார் கூட்டமின்றி, சில சிவாசாரியார்கள் மட்டும் இருந்து நடத்த, இணையத்தில் ஒளிபரப்பானது. அவரவர் வீட்டில் இருந்தபடி நாங்கள் அதனைக் கண்டு, அந்த வேளையில் எங்கள் வீட்டு மகளிர் புது மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டதைக் குழுவில் பகிர்ந்துகொண்டோம். உள்ளம் உடைந்து போகாமல் எங்களைக் காத்தது அந்தச் சிறிய கண்ணாடிப் பெட்டிதான்.

செப்டம்பர் 1 அன்று திருக்கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் எங்கள் தூண் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நோயச்சம் ஒரு காரணம். முழங்கால் மற்றொரு காரணம். யாவற்றுக்கும் மேலாக, குழு இருந்தது. பிரதோஷத்தன்று ஏதேனும் ஒரு தலத்தின் அபிஷேக நேரலை யூடியூபில் வரும். அதன் இணைப்பை யாரேனும் குழுவில் இடுவார். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, காப்பியும் பக்கத்தில் இருக்க, நந்தியெம்பெருமானை மிக அருகில் தரிசிக்கலாம். கோயிலில் கூட அவ்வளவு அருகில் பார்க்க முடியாது என்று நானே பெருமையாகச் சொன்னதுண்டு. குழு வளர்ந்தது. டொராண்டோவில் உள்ள மகள், சிங்கப்பூரில் உள்ள மைத்துனர் என்று உறுப்பினர் எண்ணிக்கை 138 ஆயிற்று. தூணின் ஓரம் அமர்வோர் எண்ணிக்கை ஆறு ஆயிற்று. அந்த அறுவரில் வில்வத்து ஐயா ஒருவர். நான் அந்த அறுவரில் இல்லை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. என் துணைவியார் ஒரு வேண்டுதலுக்காக அம்பாளுக்குப் புடவை சாத்த விரும்பியதால், நீண்ட நாட்களுக்குப் பின் கோயிலுக்குச் சென்றேன். கிழக்குக் கோபுரத்தின் அருகே அந்தப் பூக்கார அம்மாளிடம் கதம்பம் வாங்கினேன். முழம் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்:

"ஏன் சாமி, உங்ககூட வருவாரே, வில்வம் எடுத்துக்கிட்டு வர்ற ஐயா... அவரு நல்லா இருக்காரா? ரெண்டு பிரதோஷமா ஆளையே காணோமே."

"நன்றாகத்தான் இருப்பார் அம்மா. தினமும் குழுவில் இருக்கிறாரே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நெஞ்சில் ஏதோ தட்டியது. அவர் குழுவில் இருக்கிறார் என்பது உண்மை; அவருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அவர் கடைசியாகப் பேசியது எப்போது?

அங்கேயே நின்று கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். அவருடைய கடைசிக் குரல் பதிவு வந்து இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

குழுவில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவலைத் திறந்தால், யார் யார் படித்தார்கள், யார் யாருக்குச் சென்று சேர்ந்தது என்ற பட்டியல் விரியும். பேரன் ஒருமுறை எனக்குக் காட்டியிருந்தான். நிர்வாகியாக இருந்த இத்தனை ஆண்டுகளில் அதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். இருபத்து மூன்று நாட்களாக நான் இட்ட ஒவ்வொரு பதிகமும் அவருக்குச் சென்று சேரவே இல்லை.

அஞ்சல் நிலையத்தில் ஒரு கடிதம் உரியவரிடம் சேராவிட்டால், காரணம் எழுதித் திருப்பி அனுப்புவோம். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் எங்கள் தபால்காரர்கள் திரும்பமாட்டார்கள். அந்நாட்களில் முதியோர் ஓய்வூதிய மணியார்டரை எடுத்துச் சென்றவருக்கு அந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது மனப்பாடமாக இருந்தது. அப்படிப்பட்ட துறையில் 36 ஆண்டுகள் இருந்தவன், இருபத்து மூன்று செய்திகள் சேராமல் நின்றதை அறியாமல் இருபத்து நான்காவதை அனுப்பத் தயாராக இருந்தேன்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அந்த நாட்களின் நடுவே, பன்னிரண்டாம் நாள், அவருடைய எண்பத்தோராம் பிறந்தநாள் வந்து போயிருந்தது. என் கைப்பேசி நினைவூட்ட, நான்தான் முதலில் வாழ்த்தினேன். என்னைத் தொடர்ந்து ஐம்பத்தாறு பேர் வாழ்த்தினார்கள். கற்கண்டு போன்ற சொற்கள், பூங்கொத்துப் படங்கள், கை கூப்பும் குறிகள். அவரிடமிருந்து ஒரு நன்றி கூட வரவில்லையே என்று எங்கள் ஐம்பத்தேழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாழ்த்தியதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டது.

அவர் எண்ணுக்கு அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. நேரில் போகலாம் என்றால், அவருடைய வீட்டு எண் எனக்குத் தெரியாது. விலாசங்களோடு வாழ்நாளைக் கழித்தவனிடம் 138 பேரின் கைப்பேசி எண்கள் இருந்தன. நண்பரின் விலாசம் இல்லை. பூக்கார அம்மாள்தான் சொன்னார்: "மந்தைவெளியில போயி வில்வமரத்து வீடுன்னு கேளுங்க சாமி, சொல்லுவாங்க."

போய்க் கேட்டேன், சொன்னார்கள். மாடியில் குடியிருப்பவர் விவரம் கூறினார். அதிகாலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நண்பகல் வரை அவர் அங்கேயே கிடந்திருக்கிறார். கையிலிருந்த கைப்பேசியும் விழுந்து உடைந்துவிட்டது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தபின், தாம்பரத்தில் உள்ள அவருடைய அக்காள் மகன் வந்து அழைத்துச் சென்றிருக்கிறார். எங்கள் குழுவைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் தாம்பரம் சென்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாருங்கள் ஐயா. எப்படித் தெரிந்தது?"

"பூக்கார அம்மாள் கேட்டார் ஐயா, இரண்டு பிரதோஷமாகக் காணோமே என்று."

சிரித்தார். பிறகு, குற்றம் சாட்டும் எண்ணம் சிறிதும் இல்லாமல், ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்: "குழுவில் யாரும் கேட்கவில்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "காலையில் விழிப்பு வந்ததும், இன்று ஐயா என்ன பதிகம் ஓதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். நேற்று யாராவது நம்மைக் கேட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்வேன். அப்படியே நாள் போய்விடும்."

மன்னிப்புக் கேட்க நாவெழவில்லை. என் கைப்பேசியை எடுத்து, பிறந்தநாளன்று வந்த வாழ்த்துகளை அவர் முன் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை வாங்கி அணிந்துகொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். ஐம்பத்தேழையும் படித்தார். "இத்தனை பேரா! இவர் சேலத்துக்காரர் அல்லவா? இந்த அம்மா நன்றாக ஓதுவார்கள்" என்று ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு நினைவு வைத்திருந்தார். அவர் கண்கள் நிறைந்தன. அந்த வாழ்த்துகளை வெற்றுச் சொற்கள் என்று நான் இரவெல்லாம் நொந்துகொண்டிருந்தேன். அவருக்கோ அவை உண்மையான அன்பாக இருந்தன. அன்பு இல்லாமல் இல்லை. அன்பு இருந்தது, திரும்பிப் பார்க்கும் கண்தான் இல்லை.

வீடு திரும்பி, கல்லூரியில் உளவியல் படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் ஓர் ஆய்வைப் பற்றிக் கூறினாள். இணையம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிராவுட் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 73 குடும்பங்களில் 169 பேரை அவர்கள் இணையத்துக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் கவனித்தார்களாம். 1998இல் வெளியான அந்த ஆய்வில், இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுக்கு வீட்டாரோடு பேசுவது சற்றுக் குறைந்ததும், பழகும் வட்டம் சுருங்கியதும், தனிமையுணர்வு சிறிது கூடியதும் தெரிந்தது. ஆனால் அவர்களே சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஆராய்ந்து 2002இல் எழுதியபோது, அந்தத் தீமைகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. அதே ஆய்வில் வேறொன்றும் தென்பட்டது. முன்பே உற்றாரும் நண்பரும் நிறைய உள்ளவர்களுக்கு இணையம் மேலும் நன்மை தந்தது. ஆதரவு குறைந்தவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை.

"தாத்தா, உங்கள் குழு உங்களுக்கு நன்மைதான் செய்தது. வீட்டில் பாட்டி இருக்கிறார், நாங்கள் இருக்கிறோம். அவருக்கு அந்தத் தூண் ஒன்றுதான் இருந்தது" என்றாள் பேத்தி. பிள்ளைகள் சில வேளை ஆசிரியர்களைப் போலப் பேசிவிடுகிறார்கள். அந்தத் தூணை விட்டு எழுந்து வந்தவர்களில் நானும் ஒருவன்.

குழுவையே கலைத்துவிடலாமா என்று எண்ணினேன். ஆனால் அதுவும் நேர்மையாகாது. எங்கள் உறுப்பினர்களில் ஒரு மூதாட்டி பக்கவாதத்தால் நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பெங்களூரில் மகள் வீட்டில், தமிழில் பேச மகளைத் தவிர ஒருவரும் இல்லாத அடுக்ககத்தில் வாழ்கிறார். காலைப் பதிகத்தைக் காதருகில் வைத்தால் அவர் உதடுகள் அசைகின்றன என்று மகள் எழுதுவார். அவருக்குத் தூண் எங்கே கிட்டும்? அவருக்குக் குழுதான் பிராகாரம். குழுவை மூடினால் ஒரு நண்பரை மறந்த பாவத்தோடு இன்னொருவரை மறந்த பாவமும் சேரும்.

இப்படி மனம் அலைந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலையில் ஓதுவதற்காகத் திருஞானசம்பந்தப் பெருமானின் பூம்பாவைத் திருப்பதிகத்தை எடுத்தேன். இரண்டாம் திருமுறையில் உள்ள இந்தப் பதிகத்தின் வரலாறு மயிலையில் குழந்தைகளும் அறிந்தது. வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை மலர் கொய்யும்போது அரவம் தீண்டி மாண்டாள். தந்தையார் அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்துவந்தார். சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளிப் பதிகம் பாட, அவள் உயிரோடு எழுந்தாள். நம் கோயிலில் அவளுக்குச் சந்நிதியும் உண்டு.

எத்தனையோ முறை ஓதிய பதிகம்தான். அன்று வேறொன்று புலப்பட்டது. சாவை வெல்லும் பதிகம் என்று நாம் போற்றுகிறோமே, அதனுள் இருப்பவை எவை? அடியார்க்கு அமுதிடுவது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என இந்த ஊரில் ஆண்டு முழுதும் மக்கள் கூடும் நாட்கள். ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, இவற்றைக் காணாமலா போய்விட்டாய் என்று சம்பந்தப் பெருமான் கேட்கிறார். ஒருமுறை அழைத்து நிறுத்தவில்லை. பத்துப் பாடல்களிலும் அழைக்கிறார். கூட்டத்தில் இல்லாத ஒருத்தியின் பெயரைப் பத்து முறை சொல்கிறார்.

அதன் தத்துவப் பொருளைப் பெரியோர் உரைப்பார்கள். என் சிற்றறிவுக்கு எட்டியது இவ்வளவுதான்: வந்திருப்பவரோடு மகிழ்வது எளிது, வராதவரைப் பெயர் சொல்லித் தேடுவதே அடியார் கூட்டத்துக்கு அழகு. கோயிலில் அது தானாகவே நடந்துவிடுகிறது. ஒருவர் அமரும் இடம் காலியாக இருந்தால் அந்த வெற்றிடம் கண்ணை உறுத்தும். பக்கத்தில் இருப்பவர் கேட்காமல் இருக்கமாட்டார். குழுவிலோ அப்படி ஓர் இடம் காலியாவதே இல்லை. ஒருவர் மௌனமானால் மற்றவர்களின் செய்திகள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. இப்போது ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாமாம். 138 பேரிலேயே ஒருவரைத் தொலைத்தவன் நான். எனவே கோயிலில் தானாக நடப்பதைக் குழுவில் நாம்தான் முயன்று செய்யவேண்டும்.

நண்பர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வில்வத்து ஐயாவின் குரலைத் தாம்பரத்தில் பதிவு செய்து குழுவில் இட்டபோது, பத்து நிமிடத்துக்குள் நாற்பது பதில்கள் வந்தன. அதைவிட எனக்கு நிறைவளித்தது, அந்த வாரத்திலேயே நான்கு பேர் மின்சார ரயிலில் தாம்பரம் சென்று அவரைப் பார்த்ததுதான்.

பிறகு ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்தோம். பன்னிரண்டு பேர் பொறுப்பேற்றோம். ஒவ்வொருவருக்கும் பதினொன்று அல்லது பன்னிரண்டு பெயர்கள். பிரதோஷத்துக்கு முதல்நாளுக்குள் அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் காணவேண்டும்; இயலாவிட்டால் குரலையாவது கேட்கவேண்டும். கட்டைவிரல் குறியும் கை கூப்பும் படமும் கணக்கில் சேரா. அனைவருடைய விலாசமும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஓர் உறவினர் அல்லது அண்டை வீட்டாரின் எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டன. அந்த நோட்டு என்னிடம் ஒன்று, இன்னொரு நண்பரிடம் ஒன்று.

எல்லாரும் இதை வரவேற்றார்கள் என்று சொன்னால் பொய்யாகும். "பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருக்கிறது" என்று ஒருவர் வருந்தினார். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொருவர் குழுவிலிருந்தே விலகினார். ஆனால் முதல் மாதத்திலேயே இரண்டு செய்திகள் தெரியவந்தன. நாள்தோறும் தவறாமல் வணக்கம் அனுப்பிய ஓர் அன்பர், கண்புரை முற்றி எழுத்து எதுவும் தெரியாமல், பழக்கத்தால் ஒரே படத்தைத் தொட்டு அனுப்பிவந்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு உடன் செல்ல ஆளில்லாமல் தள்ளிப்போட்டிருந்தார்; இப்போது அது முடிந்து நலமாக இருக்கிறார். மற்றொரு அம்மையார், கணவர் காலமான பின் இரண்டு மாதமாக எவரிடமும் பேசாமல் இருந்திருக்கிறார். அவருக்காக முறை ஏற்றவர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று ஒரு பதிகம் ஓதிவிட்டு வருகிறார். அனுப்பிய வணக்கமும் ஆளைக் காட்டவில்லை. அனுப்பாத மௌனமும் ஆளைக் காட்டவில்லை. நேரில் சென்ற பிறகே இரண்டும் தெரிந்தன.

தூணின் ஓரத்தில் இப்போது பதினைந்து பேர் கூடுகிறோம். பழைய முப்பது இல்லை. அது இனி வருமா என்று சொல்லத் தெரியவில்லை. ஆட்டோவுக்கு ஆகும் செலவை இருவர், மூவராகப் பகிர்ந்துகொள்கிறோம். நானும் என் துணைவியாரும் பிரதோஷம் தவறுவதில்லை. வர இயலாதவர்களுக்காகக் காலைப் பதிகம் குழுவில் தொடர்கிறது. பெங்களூர் மூதாட்டியின் மகள் வாரம் ஒருமுறை அழைக்கிறார். அம்மாவின் காதருகே கைப்பேசியை வைக்கச் சொல்லி, நாங்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அவரை நலம் விசாரிக்கிறோம்.

இந்த ஆண்டு பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், திருக்குளக் கரையில் பூம்பாவை உயிர்பெற்றெழும் வைபவத்துக்கு வில்வத்து ஐயா வந்தார். தாம்பரத்திலிருந்து அக்காள் மகன் காரில் அழைத்துவந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மறுகை என் தோளில். கூட்டத்தின் ஓரத்தில் நாற்காலி இட்டு அமரவைத்தோம். ஓதுவார் பதிகத்தைத் தொடங்கியபோது அவரும் சேர்ந்து ஓதினார். குரல் முன்போல் நீளவில்லை. இடையில் நின்று மூச்சு வாங்கித் தொடர்ந்தார். ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பெயர் வரும்போது நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பூக்கார அம்மாள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். "வந்துட்டீங்களா சாமி!" என்று சொல்லி, ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் வில்வம் வைத்து அவர் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "இத்தனை நாளு நீங்க கொண்டு வந்தீங்க. இன்னிக்கு நான் தர்றேன்."

நன்றி மிகுதியால் நான் அவரிடம், "அம்மா, உங்களையும் எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு சாமி அதெல்லாம்? எல்லாரும் இந்த வழியாத்தானே போறீங்க" என்றார்.

அன்பர்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் குழுவைத் திறந்து, அண்மையில் பேசாதவர் எவர் என்று பாருங்கள். அவருக்குச் செய்தி அனுப்பவேண்டாம். அழைத்துப் பேசுங்கள், முடிந்தால் நேரில் சென்று வாருங்கள். எல்லாம் வல்ல கபாலீசப் பெருமான் அதற்கான வலிமையை நம் கால்களுக்கு அருள்வானாக.